சொந்தக் குடியிருப்புக்கு

ஜூன் 3, திங்கள்

எட்டாவது தெரு வீடு என் கைக்கு வந்து இன்றோடு ஏழு மாதமும் பதினெட்டு நாளும் ஆகின்றன. வாடகை வழக்கில், சொந்தக் குடியிருப்பு என்ற காரணத்தின் பேரில் பெற்ற வீடு. பூனாவில் வேலை பார்க்கும் என் மகன் கைலாசம் பாளையங்கோட்டைக்குத் திரும்பி அதில் குடியேறுவான் என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்திருந்தேன். அவன் இன்னும் வரவில்லை. அதுவரை வீட்டைப் பூட்டி வைப்பதைவிடக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவது விவேகம் என்பது என் மனைவி வடிவின் கருத்து. விவேகம் என்ற சொல்லை அவள் பயன்படுத்தவில்லை. "ஆளில்லாத வீட்டுக்கு நான் எத்தன நாளைக்கு வாரியல தூக்கிட்டு அலைய? ஒண்ணு ஆள் வைங்க, இல்ல நீங்களே போய்த் தூத்துப் பெருக்கிட்டு வாங்க" என்பதே அவள் சொன்னது.

சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. இவ்வாறு பெற்ற வீட்டில் உரிமையாளர் தரப்பு குடியேறாவிட்டால், வெளியேறியவர் அதைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஞானசுந்தரி டீச்சர் கேட்க மாட்டார். பதினேழு ஆண்டு குடியிருந்தவர். அவர் சுபாவம் எனக்குத் தெரியும். இருப்பினும் எச்சரிக்கையாக, பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்றை நானே வரைந்திருக்கிறேன். முப்பத்தோரு ஷரத்துகள். பதினான்காவது முக்கியமானது: உரிமையாளரின் மகன் ஊர் திரும்பும் பட்சத்தில், அறிவிப்புக் கிடைத்த பதினைந்து நாளுக்குள் குடித்தனக்காரர் வீட்டை ஒப்படைக்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

தரகர் இசக்கிமுத்து வந்தார். ஒப்பந்தத்துக்கு முன்னதாக நிரப்ப வேண்டிய விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தேன். இருபத்திரண்டு கேள்விகள். வாசலில் நின்றபடியே வாசித்தார்.

"அண்ணாச்சி, 'சுவரில் ஆணி அடிக்கும் உத்தேசம் உண்டா'ன்னு கேட்டிருக்கியளே. ஒரு காலண்டர் மாட்டணும்னாலும் மனுப் போடணுமா?"

எழுத்துமூலம் தெரிவித்தால் போதும் என்றேன்.

"வாரவன் வீடு பாக்க வந்தானா, வேலைக்குப் பரீச்ச எழுத வந்தானான்னு அவனுக்கே சந்தேகம் வந்துரும்."

சிவில் வக்கீலாக முப்பத்தாறு ஆண்டு, பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள் தரப்பில் நின்றவன் நான். ஒப்பந்தத்தில் ஒரு வரி விட்டுப்போனதற்காகப் பதினொரு ஆண்டு நீதிமன்றப் படியேறியவர்களைக் கண்டிருக்கிறேன். இதையெல்லாம் இசக்கிமுத்துவிடம் விளக்கவில்லை. ஒன்பதாவது கேள்வியை மட்டும் சுட்டிக் காட்டினேன்: விண்ணப்பதாரர் எப்போதாவது வாடகை வழக்கில் எதிர்மனுதாரராக இருந்ததுண்டா? இதற்கு 'உண்டு' என்று பதில் வந்தால் மற்ற இருபத்தொன்றையும் படிக்க வேண்டியதில்லை, ஆளை அழைத்து வரவும் வேண்டியதில்லை என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

வங்கி அதிகாரி ஒருவர், கரூரிலிருந்து மாற்றல். மனைவி, ஆறாம் வகுப்பு செல்லும் மகள். படிவத்தைத் தெளிவாக நிரப்பியிருந்தார். மனைவிக்குச் சமையலறை பிடித்திருந்தது. பின்கட்டில் துணி துவைக்கும் கல் இருப்பதைப் பார்த்து இரண்டு முறை வெளியே போய் வந்தார். ஒப்பந்தத்தைப் பதின்மூன்றாவது ஷரத்து வரை தலையசைத்துக்கொண்டே வாசித்த அதிகாரி, பதினான்காவதில் நிறுத்தினார்.

"உங்க பையன் எப்ப சார் வர்றாரு?"

தேதி உறுதியாகவில்லை என்றேன்.

"தோராயமா?"

தோராயமாகச் சொல்வது என் வழக்கமல்ல என்றேன்.

"இல்லீங்க சார், பொண்ண இங்க ஸ்கூல்ல சேத்துட்டு, நடுவுல பதினஞ்சு நாள்ல வீட்டக் காலி பண்ணுன்னா எங்கீங்க போறது? அடுத்த வருசந்தான் வருவாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அப்படிச் சொல்வது கைலாசம் அடுத்த ஆண்டு வரை வரமாட்டான் என்று நானே ஒப்புக்கொள்வதாகும். வாக்குமூலத்தில் 'விரைவில்' என்று இருக்கிறது. சொல்ல இயலாது என்றேன். அந்த அம்மாள் புறப்படுமுன் துவைக்கும் கல்லை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 12, புதன்

மேல்தொட்டியில் மிதவைக் குழாய் பழுது. மாற்றினேன். குடியிருப்போர் இல்லாத வீட்டில் தண்ணீர் எப்படி நிரம்பி வழிகிறது என்பது விளங்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இளம் வக்கீல் ஒருவர் வந்தார். மணமாகி நான்கு மாதம். என் பெயரைக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். வக்கீலுக்கு வீடு விடுவதில் உள்ள அபாயம் வக்கீலுக்குத்தான் தெரியும்.

வடிவு காபி டம்ளரை எடுக்க வந்தவள் நின்றாள்.

"எண்பத்தி மூணுல நம்மள ஏழு வீட்டுல வெரட்டுனாவளே, ஞாபகம் இருக்கா? வக்கீலுக்கு வீடு இல்லன்னு. ஏழாவது வீட்டுக்காரர அந்த மேலப்பாளையம் ரோட்டுல வச்சு எப்படி ஏசுனிய."

ஒப்பீடு பொருந்தாது என்றேன். அன்று என்னிடம் கெட்ட நோக்கம் இல்லை.

"இந்தப் பையன்கிட்ட மட்டும் இருக்கா? பாவம், அந்தப் பிள்ள வாசல்ல செருப்பக் கழட்டி, நேரா அடுக்கி வச்சிட்டு உள்ள வந்துச்சு."

ஜூன் 22, சனி

கண்ணாடிக் கடை நடத்தும் ஒருவர். ஒப்பந்தத்தை வாசிக்காமலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தார். வாசிக்கும்படி சொன்னேன். "நீங்க போட்டா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார். வாசிக்காமல் கையெழுத்திடுபவர், பின்னாளில் வாசிக்காமல் கையெழுத்திட்டேன் என்று நீதிமன்றத்தில் சொல்வார். மறுத்தேன்.

இசக்கிமுத்து கைபேசியில் வெகுநேரம் பேசினார். சாராம்சம்: வாசித்தவரும் வேண்டாம், வாசிக்காதவரும் வேண்டாம் என்றால் பாதி வாசித்தவராகப் பார்த்துப் பிடித்து வரட்டுமா என்பது. மற்றொன்றும் சொன்னார்.

"உங்க ஃபாரத்த நாலஞ்சு ஓனர்மாரு கேட்டாவ அண்ணாச்சி. நல்லாருக்குன்னாவ. செராக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன்."

ஆட்சேபணை இல்லை என்றேன். ஒரு வரைவு பிறருக்கும் பயன்படுவது அதை வரைந்தவனுக்குத் திருப்தியே.

ஜூன் 30, ஞாயிறு

தென்காசியிலிருந்து மாற்றலாகி வந்த செவிலியர், பேச்சியம்மாள். தாயாரும் உடன் இருப்பார். இதுவரை வந்தவர்களில் படிவத்தைக் கருப்பு மையில், பெரிய எழுத்தில், அடித்தல் இல்லாமல் நிரப்பியவர் இவர் ஒருவரே. பதினான்காவது ஷரத்துக்கும் ஒப்புக்கொண்டார். மாற்றல் வேலையில் பதினைந்து நாள் அறிவிப்பு என்பதே பெரிய அவகாசம் என்றார். நான் முத்திரைத்தாள் இருக்கும் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டேன்.

"இதுக்கு முன்னாடி யாரு சார் இருந்தாவ?"

ஓர் ஆசிரியை என்றேன். பதினேழு ஆண்டு.

"பதினேழு வருசமா. ஏன் காலி பண்ணுனாவ?"

சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்பட்டது என்றேன்.

"யாருக்கு?"

என் மகனுக்கு.

"அவங்க இன்னும் வரலியே சார். பொறவு எதுக்கு அந்த டீச்சர எறக்குனிய?"

கேள்வி சட்டப்படி பொருத்தமற்றது என்று சொல்லியிருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருந்தால் அவ்வாறே ஆட்சேபித்திருப்பேன். அந்தப் பெண் குற்றம் சாட்டும் தொனியில் கேட்கவில்லை. மாத்திரை எப்போது சாப்பிட்டீர்கள் என்று நோயாளியைக் கேட்பதுபோலக் கேட்டார். அது ஒரு நீண்ட விவகாரம் என்றேன்.

அவர் தம் தாயாரைப் பார்த்தார். தாயார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார். "கலந்துக்கிட்டுச் சொல்லுதோம் சார்" என்றார் பேச்சியம்மாள். வடிவு வாசல் வரை போய் வழியனுப்பினாள். இழுப்பறை திறந்தே இருந்தது, மூடினேன்.

ஜூலை 1, திங்கள்

கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். பேச்சியம்மாளிடமிருந்து தகவல் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

கைலாசத்துடன் பேசினேன். வாரந்தோறும் பேசுவதுதான், இம்முறை உத்தேசத் தேதி ஒன்றைக் கேட்டேன். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டால் குடித்தனக்காரர்களுக்கு அச்சம் நீங்கும் என்று காரணம் சொன்னேன்.

"அப்பா, நான் வந்துருதேன்னு எப்பம்பா சொன்னேன்?"

நான்கு ஆண்டுக்கு முன், பொங்கலுக்கு மறுநாள், எட்டாவது தெருவில் என்னோடு நடந்தபோது சொன்னான் என்றேன். எனக்குத் தேதி தவறாது.

"வரணும்னு நீங்கதான சொன்னிய. நான் நல்ல யோசனதான்னேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலியே. கோர்ட்டுல என்னத்த எழுதிக் குடுத்திய?"

குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு பேசுவதாகச் சொன்னான். அந்த ஆண்டின் நாட்குறிப்பைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். ஜனவரி பதினாறு: 'கைலாசம் இங்கேயே வந்துவிட்டால் நல்லது என்று சொன்னேன். நல்ல யோசனைதான் என்றான். எட்டாவது தெரு வீட்டை வெளியிலிருந்து பார்த்தோம். டீச்சர் உள்ளே வரச் சொன்னார். நேரமில்லை.' மனுவில் இதுவே 'மனுதாரரின் மகன் ஊர் திரும்பி மேற்படி வீட்டில் விரைவில் குடியேற முடிவு செய்துள்ளார்' என்று அமைந்திருக்கிறது. வரைவில் இத்தகைய சுருக்கம் இயல்புதான்.

அந்த நாட்குறிப்பைத் திரும்பப் பரணில் வைக்கவில்லை. தூசி தட்ட வேண்டியிருக்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாற மாட்டார்கள். இசக்கிமுத்து மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. ஏறத்தாழ மூன்றடி உயரம், நான்கரையடி நீளம். கொத்தனாரை வரச் சொல்ல வேண்டும்.

காலையில் நான் அச்சுவரை அளந்துகொண்டிருக்கையில் வடிவு சொன்னாள், கைலாசம் பூனாவில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறான் என்று. ஆவணியில் பால் காய்ச்சுகிறான். பத்திரிகை அடிக்கவில்லை, நெருங்கியவர்கள் மட்டும். அவளுக்குச் சித்திரையிலேயே தெரியும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்ல? நீங்க யார் வந்தாலும் பதினாலாவது, பதினாலாவதுன்னு நிக்கிய. அவன் ரெண்டு தடவ ஆரம்பிச்சான். தொட்டியில மிதவ போச்சுன்னு சொல்லி நீங்க பேச்ச மாத்திட்டிய. பிள்ள என்ன செய்வான்?"

அந்த உரையாடல் எனக்கு நினைவில் இல்லை. மிதவைக் குழாய் பழுதானது உண்மை. ஜூன் பன்னிரண்டாம் தேதிப் பதிவில் இருக்கிறது.

"இங்கேருங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? அந்த வீட்டுக்கு ஆள் வராம இல்ல. நீங்க உள்ள விட மாட்டக்கிய. வாரவனெல்லாம் கைலாசு இல்லேன்னுதான் உங்களுக்குக் கோவம்."

அளக்கும் டேப்பைச் சுருட்டியபோது விரலில் கீறிவிட்டது. சிறு காயம். டெட்டனாஸ் ஊசி தேவையில்லை என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார், எதற்கும் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. ஆற்றுக்குப் போய் வந்தேன். வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கைலாசம் அழைத்தான். ஃபிளாட் எத்தனையாவது மாடி என்று கேட்டேன். ஒன்பது. லிப்டுக்கு மாற்று மின்வசதி இருக்கிறதா, பத்திரத்தில் மனையின் பிரிபடாத பங்கு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். "பத்திரத்த உங்களுக்கு அனுப்பவாப்பா, ஒருக்கப் பாத்துருதியளா?" என்றான். மராத்தியில் இருந்தால் எனக்குப் பிடிபடாது என்றேன். "இங்கிலீஷ்லதாம்பா இருக்கு" என்றான். அனுப்பு என்றேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி முதல் நாள். பத்திரத்தைப் பார்த்து முடித்தேன். குறையில்லை. வில்லங்கம் எதுவும் இல்லை.

நம் ஒப்பந்தத்தை மறு தட்டச்சுக்குக் கொடுத்தேன். இப்போது முப்பது ஷரத்துகள். பதினைந்தாவதாக இருந்தது பதினான்காவதாகியிருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைய நிகழ்வை நடந்த வரிசையில் பதிவு செய்கிறேன்.

காலை பத்து மணிக்கு இசக்கிமுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். இதுவரை நின்றே பேசிப் பழகியவர்.

"ஒரு பார்ட்டி இருக்கு அண்ணாச்சி. புருசன் பொண்டாட்டி ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் பென்சன் வருது. வாடக ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துரும். வீட்டக் கண்ணாடி கணக்கா வச்சிக்கிடுவாவ."

படிவம் நிரப்பினார்களா என்று கேட்டேன்.

"நெரப்பிட்டாவ. ஒம்பதாவதுலதான் இடிக்கி. 'உண்டு'ன்னு எழுதிட்டாவ. இதோட ஏழு ஓனர்மாரு பாத்துட்டுத் திருப்பிட்டாவ. 'இல்ல'ன்னு போட்டுருங்கம்மா, யாரு போயிக் கோர்ட்டுல பாக்கப் போறான்னு நானும் சொல்லிப் பாத்தேன். அந்தம்மா கேக்கல. அப்படிப் பொய் எழுதினா இத்தன வருசம் பிள்ளைங்களுக்கு நான் என்ன பாடம் சொல்லிக் குடுத்தேன்னு ஆயிரும்னுட்டாவ."

உண்மையை எழுதியது பாராட்டத்தக்கது. ஆனால் ஒருமுறை வழக்கு கண்டவர்களை ஏற்பதற்கில்லை, இது நான் முதலிலேயே சொன்னதுதானே என்றேன். பிறகு, முழு விவரம் அறியாமல் நிராகரிப்பது முறையல்ல என்று தோன்றியதால், வழக்கின் காரணம் என்ன, வாடகைப் பாக்கியா, கட்டடச் சேதமா என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. ஓனரோட மவன் வெளியூர்லேந்து வாராருன்னு சொல்லி எறக்குனாவளாம்."

படிவத்தை நீட்டினார். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே வழக்கு எண்ணும் ஆண்டும் இருந்தன. அவற்றைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. பதினேழு ஆண்டு, ஒவ்வொரு மாதமும் வாடகை உறையின் மேல் பார்த்த கையெழுத்து அது. ஞானசுந்தரி தேவசகாயம், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை.

முன்பே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. படிவம் எத்தனை உரிமையாளர்களிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"எண்ணிக்கிடலையே. இப்ப எல்லாத் தரகனும் அதத்தான் வச்சிருக்கோம். அந்த டீச்சரம்மா எங்க போனாலும் மொதல்ல உங்க ஃபாரத்தத்தான் நீட்டுவாவ."

டீச்சரும் கணவரும் இப்போது கணவரின் தங்கை வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். ஏறுவதற்கு இரும்புப் படி. தேவசகாயத்துக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. பத்து நாளாகக் கீழே இறங்கவில்லை. இவற்றை நான் கேட்கவில்லை. இசக்கிமுத்து சொன்னார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வழக்குக் கட்டை எடுத்து டீச்சரின் சாட்சியத்தைப் படித்தேன். என் தரப்பில் குறுக்கு விசாரணை செய்தவர் என் பழைய ஜூனியர் பிரம்மநாயகம். கேள்விகளை எழுதிக் கொடுத்தவன் நான். ஐந்தாம் பக்கம்: 'மனுதாரரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு வீம்புக்காகவே வீட்டைக் காலி செய்யாமல் இருக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல. மனுதாரரின் மகன் வருவதாக இருந்தால் வருகிற அன்றே காலி செய்யத் தயாராக இருக்கிறேன். அவர் வருவதாக எனக்குத் தெரியவில்லை.'

இந்தக் கடைசி வாக்கியத்தை, கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் என்று அப்போது வாதத்தில் தள்ளினோம். நீதிமன்றமும் ஏற்றது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூனாவில் இன்று பால் காய்ச்சினார்கள். வடிவு நான்கு நாள் முன்பே ரயிலில் போய்விட்டாள். எனக்கு முதுகு வலி என்று கைலாசத்திடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு முதுகு வலி இல்லை. கைபேசியில் படம் வந்தது. பால் பொங்கிய பாத்திரம் மட்டும் தெரிகிறது.

உணவு விடுதியில் இட்லி. பிறகு எட்டாவது தெருவுக்குப் போய் வீட்டைப் பெருக்கினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாரம் ஒருமுறை இதைச் செய்வது எளிதல்ல என்பதைப் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இரும்புப் படி பதினாறு. கைப்பிடி ஆடுகிறது.

டீச்சர் கதவைத் திறந்தார். என்னை எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. ஆயினும் பழைய வழக்கப்படி "வாங்க சார்" என்றார். ஒரே நாற்காலி. அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். தேவசகாயம் கட்டிலில் காலை நீட்டியிருந்தார். "அக்கா எப்படி இருக்காவ?" என்று வடிவைப் பற்றிக் கேட்டார். நலம் என்றேன்.

நான் தயாரித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். வீடு காலியாக இருக்கிறது. பழைய வாடகையே. முன்பணம் வேண்டாம். ஒப்பந்தத்திலிருந்து அந்த ஷரத்து எடுக்கப்பட்டுவிட்டது. என் மகனுக்கு வீடு தேவைப்படும் சூழ்நிலை தற்போது இல்லை.

டீச்சர் முழுவதும் கேட்டார். வகுப்பில் பதில் சொல்லும் மாணவனை நடுவில் நிறுத்தாதவர் போலிருக்கிறது.

"வேண்டாம் சார்."

காரணம் கேட்டேன்.

"அந்த வீட்டுக்கு வந்தா, ரயில் வார நேரமெல்லாம் நாங்க வாசலப் பாத்துட்டு இருக்கணும். உங்க பையன் வாராரோ, வாராரோன்னு. நாலு வருசம் அப்படித்தான் இருந்தோம். இனிமே முடியாது."

இனி அவ்வாறு நேராது என்று எழுத்தில் தருவதாகச் சொன்னேன்.

"எழுத்துல எவ்வளவோ இருக்கு சார்" என்றார் தேவசகாயம். டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எங்களுக்கு வேற ஒண்ணு எழுதித் தாங்க" என்றார் டீச்சர். "பிள்ளைங்க ஸ்கூல விட்டுப் போகும்போது நடத்தை நன்றுன்னு எழுதிக் குடுப்போம்லா, அந்த மாதிரி. நாங்க பாக்கி வச்சிட்டுப் போகல, சண்ட போட்டுட்டுப் போகலன்னு. ஒம்பதாம் கேள்விக்கு உண்டுன்னு எழுதுன கையோட அதையும் சேத்துக் குடுத்தா, யாராவது வீடு தருவாவ."

வரைவு தயாரித்து நாளை அனுப்புகிறேன் என்றேன்.

"இப்பவே எழுதுங்க சார். பேப்பர் இருக்கு."

கோடு போட்ட பரீட்சைத் தாள். மேசை இல்லாததால் ஒரு தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுதினேன்: 'திருமதி ஞானசுந்தரி தேவசகாயம் எனக்குச் சொந்தமான வீட்டில் பதினேழு ஆண்டுகள் குடியிருந்தார். அக்காலத்துக்குரிய வாடகை எதுவும் நிலுவையில் இல்லை. கட்டடத்துக்குச் சேதம் எதுவும் இல்லை.'

டீச்சர் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"ஏன் காலி பண்ணுனோம்னு இதுல இல்லியே சார். எல்லாரும் அதத்தான கேக்காவ."

அதை எழுதினால் என்ன ஆகும் என்பதை என்னைவிட யாரும் அறியமாட்டார்கள். என் சத்தியப் பிரமாணத்துக்கு எதிராக என் கையாலேயே எழுதிய ஒப்புதல். அதை வைத்து அவர் நாளையே மனுச் செய்யலாம். என்னிடம் ஒரு கட்சிக்காரர் இதே நிலையில் வந்திருந்தால், பேனாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். அறையில் மின்விசிறி ஓடியது. தேவசகாயம் தாள் பறக்காமல் ஒரு விரலால் அதன் ஓரத்தை அழுத்திக்கொண்டார்.

எழுதினேன்: 'என் மகன் கைலாசம் குடியேறுவான் என்று நீதிமன்றத்தில் கூறி இவ்வீட்டை இவரிடமிருந்து பெற்றேன். அவன் குடியேறவில்லை. அவன் வருவதாக எனக்குத் தெரியவில்லை என்று இவர் அப்போதே சாட்சியம் அளித்தார். அது உண்மை.'

இவ்வளவே தேவை. இதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வாக்கியத்தையும் எழுதினேன்: 'அவன் இனி வரமாட்டான்.'

டீச்சர் வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இந்த வரி எங்களுக்கு வேண்டாம் சார். அடிச்சிருங்க. அது உங்க வீட்டு விசயம்."

அடித்தல் திருத்தல் இருந்தால் பத்திரத்தின் மேல் சந்தேகம் வரும் என்றேன். ஆவுடைநாயகம் என்று முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்திட்டேன். டீச்சர் தாளைக் காற்றில் ஆட்டி மையை உலர்த்திவிட்டு, தேதி போடவில்லையே சார் என்றார். வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.